விடிய விடிய ஓடுற ‘வள்ளி திருமணம்’... அதுக்குப் பின்னால இருக்கிற சாமியார் யார் தெரியுமா?

பங்குனி, சித்திரை மாசத்துல புதுக்கோட்டைப் பக்கம் பைக்ல சுத்தியிருக்கீங்களா? அப்படின்னா அந்த நோட்டீஸைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. டீக்கடைச் சுவர், பஸ் ஸ்டாப், கோயில் மண்டபத் தூண்னு எல்லா இடத்துலயும் ஒட்டியிருக்கும். கிரீடம் வச்ச முருகன், ஜடை போட்ட வள்ளி, தம்புரா பிடிச்ச நாரதர், கன்னத்துல பொட்டு வச்ச பபூன்னு ஆளுக்கொரு போட்டோ. ‘வள்ளி திருமணம்’ நாடகம், ராத்திரி 10 மணிக்கு ஆரம்பம். முடியுறது எப்போன்னு போட மாட்டாங்க. ஏன்னா, அது விடிஞ்சாத்தான் முடியும்.

உங்க அப்பத்தா அந்த நாடகத்தைப் பாயை விரிச்சு உட்கார்ந்து பார்த்திருப்பாங்க. நீங்க யூடியூப்ல வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்தைப் பத்து நிமிஷம் பார்த்துட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பீங்க. பரவாயில்ல. ஆனா, அந்த நாடகத்தை எழுதினது யாருன்னு ஒரு தடவையாவது யோசிச்சிருக்கீங்களா?

அந்தப் பேர் உங்களுக்குப் புதுசு இல்ல. 2019-ல நடிகர் சங்கத் தேர்தல் நடந்தப்போ பாண்டவர் அணியை எதிர்த்து ஒரு அணி நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? சுவாமி சங்கரதாஸ் அணி. அப்போ பல பேர் கூகுள்ல தேடின பேர் அது. சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத் தலைமையாசிரியர்னு சொல்லுவாங்க. பேரைக் கேட்டதும் ஏதோ மடாதிபதின்னு நினைச்சுடாதீங்க. உப்பு கம்பெனியில கணக்கு எழுதிட்டு இருந்த ஆள்!

1867 செப்டம்பர் 7. தூத்துக்குடி பக்கத்துல காட்டுநாயக்கன்பட்டியில பிறந்தார். அப்பா தாமோதரக் கணக்கப்பிள்ளை ராமாயணப் பிரசங்கத்துல பேர் வாங்கினவர். ராமாயணப் புலவர்னே ஊர்ல கூப்பிடுவாங்க. பையனுக்கு முதல் வாத்தியாரும் அவர்தான். அப்புறம் பழனி தண்டபாணி சுவாமிகள்கிட்ட இலக்கணமும் யாப்பும் படிச்சார். வெண்பா, கலித்துறை, சந்தப்பாட்டுன்னு எதைக் கேட்டாலும் சட்டுனு கட்டுற திறமை அங்க வந்ததுதான். அவ்வளவு படிச்சும் வேலை கிடைச்சது தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில கணக்கரா. 24 வயசுல, அந்த வேலையை விட்டுட்டு நாடகத்துக்குப் போயிட்டார்.

இங்க கொஞ்சம் நில்லுங்க. அவர் நாடகத்துக்கு வந்த அதே சமயத்துல, 1891-ல, சென்னையில பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபாவை ஆரம்பிச்சார். அதுல இருந்தவங்க வக்கீல், பெரிய உத்தியோகஸ்தர்னு இங்கிலீஷ் படிச்ச ஆளுங்க. பகல்ல கோர்ட், சாயங்காலம் நாடகம். அவங்க மேடை ஏறினா ஊர் கைதட்டும். சம்பளத்துக்கு மேடை ஏறினா? கூத்தாடி. வீடு வாடகைக்குக் கிடைக்காது, பொண்ணு கிடைக்காது, பந்தியில பக்கத்துல உட்கார யோசிப்பாங்க. ராமாயணப் புலவர் மகன் போய்ச் சேர்ந்தது இந்த ரெண்டாவது பக்கத்துல.

முதல்ல அவர் நடிகர். எல்லாம் பயமுறுத்துற வேஷம். இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன். நல்ல உடம்பு, இடி மாதிரி குரல். நாடகக்காரங்க இன்னிக்கும் ரெண்டு கதை சொல்லுவாங்க. ஒரு தடவை நளன் நாடகத்துல சனீஸ்வரன் வேஷம் கட்டியிருக்கார். விடியக்காலையில வேஷத்தைக் கழுவக் குளக்கரைக்குப் போறார். உடம்பெல்லாம் கறுப்பு, முகத்துல கோரம். அங்க துணி துவைச்சிட்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, பயத்துலயே உயிரை விட்டுட்டாங்களாம். இன்னொரு தடவை எமனா வந்து பாசக்கயிறை வீசிக் கத்துறார். கூட்டத்துல இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைஞ்சு போச்சாம்.

வாய்வழியா வந்த கதைங்க. வரவரக் கொஞ்சம் பெருசாகியிருக்கலாம். ஆனா ஒண்ணு நிச்சயம். அவர் வேஷம் கட்டுறதை நிறுத்தினார். ஒரு நடிகன் தன் நடிப்பாலேயே பயந்துபோய் விலகினான்னு கேட்டிருக்கீங்களா? அப்புறம் சூத்திரதாரியா, வாத்தியாரா இருந்தார். ஒரு கட்டத்துல அதையும் விட்டுட்டு, காவி கட்டி, ஸ்தலம் ஸ்தலமா யாத்திரை போயிட்டார். சங்கரதாஸ், சுவாமிகள் ஆனது அப்போதான். கல்யாணம்? கடைசி வரைக்கும் இல்ல.

புதுக்கோட்டையில கிடைச்ச அப்பா

யாத்திரை போன மனுஷனைத் திரும்ப இழுத்துட்டு வந்தது நம்ம புதுக்கோட்டை. அப்போ அது தொண்டைமான் ராஜாக்களோட தனி சமஸ்தானம். அங்க மான்பூண்டியா பிள்ளைன்னு ஒரு வித்வான். கஞ்சிரா வாசிக்கிறவங்ககிட்ட இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, கன்னத்துல போட்டுக்குவாங்க. பஜனையில தட்டிட்டு இருந்த சின்ன வாத்தியத்தைக் கர்னாடகக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து, மிருதங்கத்துக்குச் சமமா உட்கார வச்சவர் அவர். பலா மரத்துல ஒரு வளையம், அதுல உடும்புத் தோல், ஓரத்துல ரெண்டு காசு. அவ்வளவுதான் வாத்தியம். அதை வச்சுக்கிட்டு அவர் போட்ட கணக்கைப் பெரிய வித்வான்களே விரல் விட்டு எண்ணிட்டு இருப்பாங்களாம். அவர் சீடர்தான் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. மிருதங்கம், கஞ்சிரா ரெண்டுலயும் பெரிய பேர்.

இந்த மான்பூண்டியா பிள்ளை சுவாமிகளைத் தன் மகனாவே ஏத்துக்கிட்டார். ரெண்டு பேருக்கும் வயசு வித்தியாசம் ரொம்ப இல்ல. ஆனாலும் அப்பா, மகன் உறவுதான். சுவாமிகளுக்கு ஏற்கெனவே தமிழ் இருந்துச்சு, சந்தம் இருந்துச்சு. தாளத்தோட உள்கணக்கு இங்கதான் கைக்கு வந்துச்சு. திருப்புகழ்ச் சந்தங்களைத் தாளத்துல எப்படிப் பொருத்துறதுன்னு இந்த வீட்டுல இருந்து கத்துக்கிட்டார்.

இது ஏன் முக்கியம்? அந்தக் கால நாடகத்துல வசனத்தைவிடப் பாட்டுதான் ஜாஸ்தி. மைக் கிடையாது. கூட்டத்தோட கடைசி வரிசைக்குக் கதை போய்ச் சேரணும்னா பாட்டாலதான் முடியும். பார்சி கம்பெனிங்க வடக்கேயிருந்து வந்து ஹார்மோனியம், வண்ணத் திரைச்சீலை, இந்துஸ்தானி மெட்டுன்னு ஊரையே மயக்கிட்டுப் போயிருந்த நேரம். மெட்டு கேட்க நல்லாயிருக்கும், வார்த்தை தமிழ்ல உட்காராது. மெட்டும் உட்காரணும், தமிழும் சிதையக் கூடாது, பாமரனுக்கும் புரியணும். இது மூணையும் ஒண்ணா முடிச்சதுதான் சுவாமிகளோட வேலை. அதுல பாதிக் கடன் புதுக்கோட்டைக்குன்னு நான் சொல்லுவேன். மதுரைக்காரங்க சண்டைக்கு வந்தாலும் சரி.

புதுக்கோட்டை அவரைத் திரும்ப நாடகத்துக்கு அனுப்பி வச்சது. வள்ளி வைத்தியநாதய்யர், அல்லி பரமேஸ்வரய்யர் (வேஷமே பேரா ஆயிட்டவங்க!) கம்பெனிகளுக்கு வாத்தியாரா இருந்தார். எழுதித் தள்ளினார். ‘பவளக்கொடி’, ‘அல்லி அர்ஜுனா’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘நல்லதங்காள்’, ‘பிரகலாதன்’, ‘சதி சுலோசனா’, ‘லவகுசா’, ‘ஞானசௌந்தரி’. ஷேக்ஸ்பியரோட ‘ரோமியோ ஜூலியட்’கூட இவர் கையால தமிழ் மேடைக்கு வந்திருக்கு. எத்தனை நாடகம்னு கேட்டா ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க. நாற்பதுக்குக் குறைச்சு யாரும் சொல்றதில்ல.

அவர் தமிழ் எப்படிப்பட்டதுன்னு ஒரு கதை இருக்கு. மதுரையில ‘கோவலன்’ நாடகம். பெரும் பாவிங்க வாழுற ஊர் மதுரைன்னு அர்த்தம் வர்ற மாதிரி பாட்டுல ஒரு சொல். மதுரைக்காரங்க சும்மா விடுவாங்களா? கொட்டகையில ஒரே சத்தம். சுவாமிகள் மேடைக்கு வந்து அந்தச் சொல்லை எழுத்து எழுத்தா பிரிச்சுக் காட்டியிருக்கார். ஒண்ணு லட்சுமி, ஒண்ணு சரஸ்வதி, ஒண்ணு பார்வதி. மூணு தேவியரும் குடியிருக்கிற ஊர்னுதானே எழுதியிருக்கேன்னு விளக்கம். சத்தம் கைதட்டலா மாறிடுச்சாம். இன்னிக்கு ட்ரோல் பண்றவங்களுக்கு இப்படிப் பதில் சொல்ல எத்தனை பேரால முடியும்?

பசங்க மட்டும் நடிச்ச கம்பெனி

இப்போ நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து, பெரிய பேனர் யாரையும் நம்பாம, நல்ல விஷயம் சொல்ற படம் மட்டும்தான் எடுப்போம்னு ஒரு புரொடக்‌ஷன் கம்பெனி ஆரம்பிச்சா நாம கைதட்டுறோம். சுவாமிகள் அதை 1910-லயே செஞ்சார். பேரைக் கேளுங்க: சமரச சன்மார்க்க நாடக சபை. வள்ளலார் ஞாபகம் வருதா? பேர்லயே கொள்கையை எழுதி வச்சுட்டார். கதை, பாட்டு, டைரக்‌ஷன், ட்ரெயினிங் எல்லாம் அவரே.

ஏன் தனிக் கம்பெனி? பெரியவங்களை வச்சு நாடகம் போட்டுப் பார்த்தவர் அவர். ராஜபார்ட்டுக்குக் கொஞ்சம் பேர் வந்துட்டா போதும், எழுதிக் கொடுத்த பாட்டைத் தூக்கிப் போட்டுட்டுத் தனக்குப் பிடிச்சதைப் பாடுவார். எதிர்ல நிக்கிற ஸ்த்ரீபார்ட்டை மடக்கணும்னே கேள்வி கேட்பார். குடிச்சுட்டு வருவார். சில நாள் வரவே மாட்டார். கதை ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார். நாடகம் ஊருக்கு நல்லது சொல்லணும்னா முதல்ல நாடகக்காரன் ஒழுங்கா இருக்கணும்னு சுவாமிகள் நினைச்சார். பெரியவங்களைத் திருத்த முடியாது. அப்போ சின்னப் பசங்க. ராஜா, ராணி, எமன், முனிவர்னு எல்லா வேஷத்துக்கும் பசங்கதான். தமிழ்நாட்டு ‘பாய்ஸ் கம்பெனி’ கதைக்கு அதுதான் தொடக்கம்.

செங்கோட்டையில இருந்து வந்து அந்தச் சபையில பாடின குட்டிப்பையன் ஒருத்தன் பின்னாடி எஸ்.ஜி.கிட்டப்பா ஆனான். 1918-ல மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபான்னு இன்னொரு கம்பெனி. முதல் போட்டது வேற ஆளுங்க, வாத்தியார் சுவாமிகள். அங்க வந்து சேர்ந்த அண்ணன் தம்பிங்கதான் டி.கே.எஸ். சகோதரர்கள். டி.கே.சண்முகத்துக்கு அப்போ ஆறு வயசு.

அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. ஊர் ஊரா போற கம்பெனி வீடு. காலையில எழுந்ததும் பாட்டுப் பயிற்சி. அப்புறம் பாடம். புத்தகப் பாடம் இல்ல, நாடகப் பாடம். செய்யுளை மனப்பாடம் பண்ணணும், அர்த்தம் சொல்லணும், உச்சரிப்புல ல, ள, ழ தப்பக் கூடாது. ராத்திரி நாடகம். சாப்பாடு, துணி எல்லாம் கம்பெனி பார்த்துக்கும். அந்தக் காலத்துல ஏழை வீட்டுல ஒரு பையனுக்கு மூணு வேளை சோறும் கொஞ்சம் தமிழும் கிடைக்குதுன்னா அது பெரிய விஷயம். ஸ்கூல் பக்கமே போகாம இந்தக் கம்பெனிகள்ல தமிழ் கத்துக்கிட்டு, பின்னாடி மேடையில லட்சம் பேரைக் கட்டிப்போட்டவங்க எத்தனை பேர்! எம்.ஜி.ஆர்., எம்.ஆர்.ராதா, சிவாஜி எல்லாரும் ஏதோ ஒரு பாய்ஸ் கம்பெனியில சோறு தின்னு வளர்ந்தவங்கதான்.

ஆனா, இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. அதைச் சொல்லாமப் போனா சரியா இருக்காது. சுவாமிகள் கோபக்காரர். பாடம் தப்பினா அடி விழும். மற்ற கம்பெனிகள்ல அடி இன்னும் ஜாஸ்தி. ஆறு வயசுப் பையன் அம்மாவை விட்டுட்டு, நடுராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல தூக்கம் சொக்குற கண்ணோட நின்னு பாடணும். பதிமூணு, பதினாலு வயசுல குரல் உடையும். மகரக்கட்டுன்னு சொல்லுவாங்க. நேத்து வரைக்கும் கம்பெனியோட சொத்தா இருந்த பையன், குரல் போன மறுநாள்ல இருந்து பாரம். வேற சின்ன வேஷம் கிடைச்சா அதிர்ஷ்டம், இல்லைன்னா பெட்டியைக் கட்டிட்டு வீட்டுக்கு. பெரிய ஸ்டார் ஆனவங்க பேர் நமக்குத் தெரியுது. வீட்டுக்குப் போன பசங்க பேர் எங்கயும் இல்ல. இன்னிக்கு ஒருத்தர் இப்படிக் கம்பெனி நடத்தினா போலீஸ் கேஸ் ஆகும், ஆகவும் வேணும்.

நாடகக்காரனுக்கு மரியாதை வாங்கிக் கொடுக்கணும்னு கிளம்பின மனுஷன் அதுக்கான விலையைக் கொஞ்சம் அந்தப் பசங்க தலையிலயும் வச்சார். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்துலயும் இதே பிரம்புதானேன்னு நீங்க கேட்கலாம். உண்மைதான். ஆனாலும் எனக்கு அந்த இடம் உறுத்துது.

பாசம் இல்லாம இல்ல. குட்டி சண்முகத்துக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை எழுதினார். ஒரே ராத்திரி. பேனாவை எடுத்து உட்கார்ந்தவர், பாட்டும் வசனமுமா சில மணி நேரம் ஓடுற முழு நாடகத்தை விடியறதுக்குள்ள முடிச்சுட்டார். அடித்தல் திருத்தல் பண்றதுக்கெல்லாம் நேரமே இல்ல. ஒரு சீன் எழுத நாலு நாள் காபி குடிக்கிற நமக்கு இதெல்லாம் நம்பவே கஷ்டம்.

1921-ல பக்கவாதம் வந்துச்சு. ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துபோச்சு. அதைவிடக் கொடுமை, பேச்சு போச்சு. கேட்டதும் வெண்பா பாடின வாய், எமனா நின்னு கொட்டகையை நடுங்க வச்ச குரல், ரெண்டும் அடங்கிப்போச்சு. சொந்த வீடு, சொத்து எதுவும் கிடையாது, குடும்பம் கிடையாது. பசங்களோடதான் இருந்தார், கம்பெனி போற ஊருக்கெல்லாம் கூடவே போனார். 1922 நவம்பர் 13, கம்பெனி பாண்டிச்சேரியில இருந்தப்போ இறந்தார். வயசு 55. அங்கயே கருவடிக்குப்பத்துல அடக்கம் பண்ணினாங்க. சமாதி இன்னும் இருக்கு. அடுத்த தடவை பாண்டிக்கு வீக் எண்ட் ட்ரிப் போறப்போ பீச்ல இருந்து கொஞ்ச தூரம் வண்டியை விட்டுப் பாருங்க.

அப்புறம் என்ன ஆச்சு?

அவர் இறந்து ரெண்டு வருஷம் இருக்கும். அதே மீனலோசனி சபாவுல எட்டு வயசுப் பையன் ஒருத்தன் வந்து சேர்ந்தான். அப்பா உலகநாத பிள்ளையும் நாடக நடிகர். ஊர், புதுக்கோட்டை. ஆமா, பி.யு.சின்னப்பாதான். ‘உத்தம புத்திரன்’ல இரட்டை வேஷம் கட்டினவர், 1942-ல ‘கண்ணகி’யில கோவலனா நடிச்சவர். சுவாமிகளுக்குத் தாளம் கொடுத்த ஊர், சுவாமிகளோட கம்பெனிக்கு ஒரு சூப்பர் ஸ்டாரைக் கொடுத்துச்சு. 1951-ல, 35 வயசுல சின்னப்பாவும் போயிட்டார்.

பேசும் படம் வந்ததும் பாய்ஸ் கம்பெனிகள் ஒண்ணொண்ணா கலைஞ்சுபோச்சு. மதுரையில சுவாமிகளுக்குச் சிலை இருக்கு, சென்னையில நடிகர் சங்கத்து அரங்கத்துக்கு அவர் பேர் வச்சாங்க. ஆனா, அவர் பாட்டு உயிரோட இருக்கிற இடம் அதுங்க ரெண்டும் இல்ல. நாம முதல்ல பார்த்தோமே, அந்த நோட்டீஸ். ஸ்பெஷல் நாடகம்னு சொல்லுவாங்க. கம்பெனி கிடையாது, ரிகர்சல் கிடையாது. முருகன் ஒரு ஊர்ல இருந்து வருவார், வள்ளி இன்னொரு ஊர், ஹார்மோனியம் வேற ஊர். ஒருத்தரை ஒருத்தர் மேக்கப் போடுற இடத்துலதான் பார்த்துக்குவாங்க. மேடை ஏறினதும் எல்லாரும் ஒரே கதைக்குள்ள போயிடுறாங்க. ஏன்னா, எல்லாருக்கும் மனப்பாடமா இருக்கிறது ஒரே மனுஷனோட பாட்டு.

இதுல ஒரு வேடிக்கை கவனிச்சீங்களா? பெரியவங்க மேடையில இஷ்டத்துக்குப் பேசுறாங்க, ஒருத்தரை ஒருத்தர் மடக்குறாங்கன்னு கோபப்பட்டுத்தான் சுவாமிகள் பசங்க கம்பெனி ஆரம்பிச்சார். இன்னிக்கு அவர் நாடகத்தைக் காப்பாத்திட்டு இருக்கிறது அதே மாதிரி இஷ்டத்துக்குப் பேசி மடக்குற பெரியவங்க! வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ற இடத்துல அவங்க சொந்தச் சரக்கு எல்லாம் வெளியில வரும். ஜி.எஸ்.டி வரும், ஜல்லிக்கட்டு வரும், முன் வரிசையில தூங்குற ஊர்ப் பெரியவரும் வருவார். பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் பேசுற இரட்டை அர்த்தத்தைக் கேட்டா சுவாமிகள் பிரம்பைத் தேடியிருப்பார்.

மரியாதை? அது இன்னும் பாதிதான் வந்திருக்கு. மேடையில வள்ளியா நிக்கிறப்போ காலைத் தொட்டுக் கும்பிடுற அதே ஊர்ல, அந்தப் பெண்ணைப் பத்தி மறுநாள் டீக்கடையில பேசுற பேச்சே வேற. அதுக்குப் பயந்துக்கிட்டே பல நடிகைங்க தங்க வேற இடம் தேடாம, நாடகம் முடிஞ்ச கையோட ஊருக்குக் கிளம்பிடுறாங்க. விடிகாலை அஞ்சரை மணிக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல, திருவிழா சீசன்ல நின்னு பாருங்க. முகத்துல பவுடர் முழுசா போகாத ஒரு அக்கா, பக்கத்துல ஒரு தகரப்பெட்டி, கையில டீ. அடுத்த ஊர் நாடகம் ராத்திரி பத்து மணிக்கு. அதுக்குள்ள பஸ்ல தூங்கிக்குவாங்க.